மும்பை நடைபாதையில் வாழும் பெரியவருக்கு அன்றாட மருத்துவம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: கிங்சர்க்கிள்வாசி

அனைவருக்கும் வணக்கம். மாட்டுங்காவில் 30 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருமுனையில், நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் படியை ஒட்டி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் படுத்துறங்குகிறார். வயது 65-ஐத் தாண்டியிருக்கும். இளம் வயதில் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலை போன பிறகு மஸ்ஜித் பந்தரில் மூட்டை சுமந்தார். மனைவி இறந்தபின் வாடகை அறையும் கைவிட்டுப் போயிற்று. இப்போதும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, தாதர் பூச்சந்தைக்குப் போய்ப் பூக்கட்டுகளைச் சுமந்து கொடுத்து, அந்தக் கூலியில்தான் சாப்பிடுகிறார். அவர் யாரிடமும் கையேந்தி நான் பார்த்ததில்லை.

மூன்று வாரங்களாக அவருடைய வலது பாதத்தின் அடியில் ஒரு புண் இருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பதாகச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் சொன்னார்களாம். மாத்திரையைக் கொஞ்ச காலம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு நிறுத்திவிட்டார். இரவில் இருமுவதும் கேட்கிறது. சென்ற வாரம் அவரை வற்புறுத்தி அருகிலிருந்த ஒரு பொது மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றேன். பதிவு மேசையில் ஆதார் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் முகவரியையும் கேட்டார்கள். ஆதார் அட்டை, தலைக்கு வைத்துப் படுத்திருந்த பையோடு களவு போய்விட்டது, கைப்பேசி கிடையாது, முகவரி என்று அவர் எதைச் சொல்வார்? அட்டையோடு வரும்படி சொல்லி அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவே இல்லை. தெருமுனைக்கு வந்ததும், "விட்ருங்கம்மா, நான் இப்படியே இருந்துக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் என்னை உறங்க விடவில்லை.

பெரிய மருத்துவமனைக்குப் போகலாம் என்றால் மறுக்கிறார். காலை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும் என்பது ஒரு காரணம். விசாரிக்கிற சாக்கில் பிடித்துக்கொண்டு போய் எங்காவது அடைத்துவிடுவார்கள் என்ற அச்சம் அதைவிடப் பெரிய காரணம். அட்டை இல்லாமல் சிகிச்சை பெற வழி உண்டா, முதலில் அவரை எங்கே அழைத்துச் செல்வது, அவருடைய தன்மானத்துக்குக் குறைவு வராமல் என்னைப் போன்ற ஒருத்தி எந்த அளவுக்கு இதில் தலையிடலாம் என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: சயான் ஓய்வுபெற்ற மருத்துவர்

அம்மா, அட்டையைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் முதலில் புண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்காது. சர்க்கரை நோய் உள்ளவரின் உள்ளங்காலில் மூன்று வாரமாக ஆறாத புண் இருந்தால், அங்கே உணர்ச்சி மரத்துப்போயிருக்க வாய்ப்பு மிகுதி. வலி தெரியாததால் அவர் அதன்மேல் நடக்கிறார், சுமை தூக்குகிறார், புண் உள்ளே ஆழமாகிறது. விரல் கறுத்திருந்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ, சிவப்பும் வீக்கமும் கணுக்காலை நோக்கி ஏறினாலோ, காய்ச்சலும் நடுக்கமும் இருந்தாலோ மருந்தகத்தைத் தேட வேண்டாம். அன்றைக்கே சயான் மருத்துவமனையோ கே.இ.எம். மருத்துவமனையோ, எது அருகோ அதன் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். இந்த அறிகுறிகள் இல்லையென்றால் ஓரிரு நாள் அவகாசம் உண்டு, அதற்குமேல் இல்லை. அதுவரை காய்ச்சி ஆறிய நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, வெறுங்காலோடு நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதையும் புண்ணில் வைக்க விடாதீர்கள். தசைவிறைப்பு ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது, அவர் மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்பதைப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். பணிக்காலத்தில் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம் இது. சர்க்கரைக்கு முதலில் எழுதித்தரும் மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வீட்டில் இருப்பவருக்கு அது சில நாள் தொல்லை. நடைபாதையில் இருப்பவருக்கோ ஒவ்வொரு முறையும் கட்டணக் கழிப்பறைக்குக் காசு வேண்டும், நள்ளிரவில் அது பூட்டியிருந்தால் போக இடமில்லை. இரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் பிரியும் மாத்திரைகளுக்கும் இதே கதிதான். அப்படிப்பட்டவர் மருந்தை நிறுத்தும்போது நாங்கள் கோப்பில் 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதிவிடுகிறோம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் எழுதினேன். அது அநியாயம் என்று இப்போது நினைக்கிறேன். மெட்ஃபார்மினைக் குறைந்த அளவில் தொடங்கி, உணவோடு கொடுத்து, மெல்ல வெளியாகும் வகைக்கு மாற்றினாலே பலருக்கு இந்தத் தொல்லை தணிந்துவிடும். ஆனால் அவர் எங்கே படுக்கிறார் என்பது மருத்துவருக்குத் தெரிந்தால்தானே அதைச் செய்ய முடியும்?

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு வேளைக்கு உணவு இல்லாமல் போனால், சர்க்கரை கீழே விழுந்து நினைவு தப்பும். நடைபாதையில் நினைவிழந்து கிடப்பவரைக் குடித்துவிட்டுக் கிடப்பதாக எண்ணிக் கடந்துபோகிற ஊர் இது. ஆகவே அடுத்த வேளை உணவு நிச்சயமில்லாதவர் என்பதை அவர் சொல்லக் கூசினாலும், அவருடைய சம்மதத்தைப் பெற்று நீங்கள் சொல்லிவிடுங்கள். இன்சுலின் தேவைப்பட்டால் அதைக் குளிரில் வைப்பது தனிச் சிக்கல். பயன்பாட்டில் உள்ள குப்பி வெயில் படாத இடத்தில் ஏறக்குறைய 4 வாரம் தாங்கும், ஆனால் மும்பையின் மே மாத வெப்பத்தில் நடைபாதைப் பைக்குள் தாங்காது. தெருவில் இருக்கும் மருந்துக்கடைக்காரரோ தேநீர்க் கடைக்காரரோ தம் குளிர்பெட்டியில் ஒரு மூலையைத் தந்தால் அதுவே பெரிய உதவி.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பரிசோதனையும் மருந்தும் அரசு அமைப்பில் முழுக்க இலவசம். சாதாரண வகை காசநோய் என்றால் 6 மாத மருந்து. ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாகியிருக்கிறது. அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்பதால், கணக்கில்லாதவருக்கு அதற்கும் ஒரு துணை தேவைப்படும்.

மழைக்காலம் பற்றியும் ஒரு சொல். காலில் புண்ணோடு தேங்கிய நீரில் நடப்பவருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். 2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பின் இந்த நகரம் அதை நேரில் கண்டது. அப்படி நடக்க நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொல்கிற அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.


பதில்: செம்பூர் வழக்குரைஞர்

பெரியவரின் அச்சத்தை வீண் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம் மகாராஷ்டிரத்தில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பிச்சை எடுப்பவரை மட்டுமல்லாமல், பிழைப்புக்கு வழி ஏதும் புலப்படாமல் பொது இடத்தில் பிச்சையை நம்பியே இருப்பவர்போல் சுற்றித் திரிபவரையும் அது வளைத்துக்கொள்கிறது. ஆணையின்றிக் கைது செய்யவும் இடம் தருகிறது. செம்பூரில் அதற்கென்று ஒரு காப்பிடம் இருப்பது நடைபாதையில் வாழ்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது, ஆனால் அது தில்லிக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே சீருடை அணிந்த காவலரோ பாதுகாவலரோ நிற்கிற வாசலைக் கண்டதும் அவர் கால் பின்வாங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. அவர் உழைத்துச் சாப்பிடுகிறவர், மருத்துவமனையில் அவரைப் பிடித்து வைக்க யாருக்கும் அதிகாரமில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதைவிட, நீங்கள் கூடவே இருப்பதாகச் சொல்வது அதிகம் பயன்படும்.

ஆதார் விஷயத்தில் தயங்க வேண்டியதில்லை. அட்டை இல்லை என்ற காரணத்துக்காக மருத்துவ உதவி உள்ளிட்ட எந்த இன்றியமையாத சேவையையும் மறுக்கக்கூடாது என்று ஆதார் ஆணையமே 2018 பிப்ரவரியில் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. பதிவு மேசையில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். அவரோடு சண்டையிடாமல், பொறுப்பு மருத்துவ அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவரும் மறுக்கலாகாது என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கிலும், அரசு மருத்துவமனை அதை மறுத்தால் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவையே மீறியதாகும் என்று 1996-இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் இதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2018-இல் தொடங்கிய பிரதமரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் (ஆயுஷ்மான் பாரத்) குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. அதன் நகர்ப்புறப் பயனாளிகளில் குப்பை பொறுக்குவோரும் சுமை தூக்குவோரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த உதவியெல்லாம் மருத்துவமனையில் படுத்தால்தான். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சர்க்கரை அளவு பார்ப்பது, மாதாமாதம் மாத்திரை வாங்குவது எதற்கும் அது உதவாது. கால் அழுகி வெட்ட வேண்டிய நிலைக்கு வந்தால் காப்பீடு உண்டு, அழுகாமல் காக்க இல்லை. அந்த வேலையைச் செய்ய வேண்டியவை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள்தான். 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டம், வீடற்றோரைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, 50 ஆயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்று வகுத்தது. உழைப்பவர்கள் வந்துபோக வசதியாகப் பகல் 12 முதல் இரவு 8 வரை திறந்திருக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. மும்பையில் 2022-இல் தொடங்கிய, மாநகராட்சியின் 'ஆப்லா தவாகானா' ('நம் மருந்தகம்') மையங்கள் மாலைக்கு மேலும் இயங்கும்படி அமைக்கப்பட்டவை. ஆலோசனை, மருந்து, இரத்தப் பரிசோதனைகள் இலவசம். பூச்சந்தையிலிருந்து திரும்பி ஓய்ந்தபின் போவதற்கு அதுவே ஏற்றது. உங்கள் பகுதி மையம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று முந்தின நாளே நீங்கள் போய்ப் பார்த்துவிடுங்கள். அவரை இன்னொரு முறை வெறுங்கையோடு திருப்பி அழைத்துவரக் கூடாது.


பதில்: தாராவி 90 அடிச் சாலை

அக்கா, என் அப்பாவும் நானும் 4 ஆண்டுகள் நடைபாதையில் இருந்தோம். சட்டமும் மருந்தும் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பம்பாய் இந்தி நன்றாகவே வரும். ஆனால் உடம்பில் நடப்பதை அந்த மொழியில் சொல்ல வராது. காந்துகிறது, குடைகிறது, விறுவிறுவென்று இழுக்கிறது, மதமதவென்று இருக்கிறது என்று தமிழில் வகைவகையாகச் சொல்வார். மருத்துவர் முன்னால் போய் நின்றால் எல்லாம் சேர்ந்து 'தர்த்' (வலி) என்ற ஒரு சொல்லாகிவிடும். வலி மாத்திரையோடு திரும்பி வருவோம். கால் மரத்துப்போனதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சர்க்கரையைப் பார்த்திருப்பார்கள் என்று பிறகுதான் புரிந்தது. நீங்கள் கூடப் போகும்போது அவர் சொல்வதை அப்படியே மாற்றிச் சொல்லுங்கள். அவருக்குப் பதிலாக நீங்களே பேசிவிடாதீர்கள், அது அவரைச் சிறியவராக்கிவிடும்.

இன்னொன்று, கேஸ் பேப்பர், அதாவது மருத்துவமனையில் நோயையும் மருந்தையும் எழுதித்தரும் சீட்டு. நடைபாதையில் காகிதம் தங்காது. மழை நனைக்கும், இல்லையென்றால் நடைபாதையை ஒழிக்க வரும் வண்டி மூட்டையோடு அள்ளிக்கொண்டு போய்விடும்; மருந்தும் அதோடு போகும். மூன்று முறை எங்களுக்கு அப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் முதல் நாள்போல மறுபடி தொடங்கினோம். அவருடைய காகிதங்களின் மூலத்தை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, நகலை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவரிடம் கொடுங்கள். மருந்தை ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடாமல் வாரத்துக்கு மட்டும் கொடுங்கள்.

போகிற அன்று அவரைக் குளிக்க வைத்து, நல்ல சட்டை போட்டுக் கூட்டிப் போங்கள். இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. அழுக்குச் சட்டையோடு போனாலும் மதிக்க வேண்டியது அவர்கள் கடமைதான். ஆனாலும் அப்பா சுத்தமாகப் போன நாட்களில்தான் உட்காரச் சொன்னார்கள். எங்கே குளிப்பது என்பது அவருக்கு ஒரு கேள்வியாக இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.


பதில்: முலுண்ட் சமூகப் பணியாளர்

இந்தப் பெரியவருக்குப் பொருந்தாவிட்டாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று ஒன்றைச் சேர்க்கிறேன். தெருவில் மனநலம் குன்றி அலைபவரைக் கண்டால், 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி அவரைப் பாதுகாத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிறுவனத்துக்குப் பரிசோதனைக்குக் கொண்டு செல்வது காவல் நிலையத்தின் கடமை. வீடற்றவர்களுக்கு, வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும், அரசு மனநல மையங்களில் எல்லாச் சிகிச்சையும் இலவசம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கர்ஜத்தில் உள்ள சிரத்தா மறுவாழ்வு அறக்கட்டளை இப்படி அலைந்தவர்களைக் குணப்படுத்தித் தமிழ்நாடு உட்பட அவரவர் ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதை நிறுவிய டாக்டர் பரத் வட்வானிக்கு 2018-இல் மகசேசே விருது கிடைத்தது.

ஆதார் மறுபடி வேண்டுமென்றால், அங்கீகாரம் பெற்ற இரவுத் தங்குமிடத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையத்தின் படிவத்தில் தரும் சான்றை ஏற்றுக்கொள்கிறார்கள். அவருடையது ஏற்கெனவே பதிவான எண் என்பதால் கைரேகையை வைத்தே மீட்டெடுக்கவும் முடியும். ஆனால் சிகிச்சையை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.


கிங்சர்க்கிள்வாசி

உங்கள் எல்லோருக்கும் நன்றி. திங்களன்று மாலை 7 மணிக்கு ஒரு மாலை நேர மையத்துக்குப் போனோம். ஆதார் களவு போனதைச் சொன்னோம், என் கைப்பேசி எண்ணைக் கொடுத்தோம், பதிந்துகொண்டார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தானே குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். 'மதமதப்பு' என்பதை நான் மாற்றிச் சொன்னதும் ஒரு மெல்லிய நைலான் இழையால் விரல் விரலாகச் சோதித்தார். ஐந்து இடங்களில் பெரியவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை 340 இருந்தது. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று தெருமுனைக்கு வந்தபின் அவரிடம் கேட்டேன். மருத்துவர் ஐயா எழுதியது அப்படியே சரி, கழிப்பறைக் காசுதான். இத்தனை நாள் தினமும் அந்த வழியாகப் போய்வந்தும் அது எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாயன்று பெரிய மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். எலும்பு வரை போகவில்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். சளியும் கொடுத்திருக்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், மூன்று வாரம் அந்தக் காலை ஊன்றாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே ஓய்வெடுப்பார்? படியில் படுத்தால் காலை 9 மணிக்கு எழுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார், அதை மீறி நான் வற்புறுத்தவில்லை.


சயான் ஓய்வுபெற்ற மருத்துவர்

எலும்பைத் தொடவில்லை என்பது மிக நல்ல செய்தி, அம்மா. நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்குத்தான் இந்த நகரத்திடம் சரியான பதில் இல்லை. மருத்துவமனையில் படுக்க வைக்கும் அளவுக்கு நோய் இல்லை, நடைபாதையில் குணமாகிற அளவுக்குச் சிறியதும் இல்லை என்ற நிலையில் இருப்பவருக்கு ஒரு கட்டிலும் ஒரு செவிலியரும் இருக்கும் இடம் வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1985-இல் வீடற்றோருக்கான மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியவர்கள் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்து, தேறிவரும் நோயாளிகளுக்கென்று தனிப் படுக்கைகளை வைத்தார்கள். இங்கே நமக்கு இருப்பது இரவுத் தங்குமிடங்கள் மட்டும். ஒரு லட்சம் பேருக்கு ஒன்று, நாள் முழுதும், ஆண்டு முழுதும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்ன கணக்கின்படி, 2011 மக்கள்தொகையில் 1 கோடியே 24 லட்சம் பேர் இருந்த இந்த மாநகருக்கு 124 வேண்டும். இருப்பவை அதற்குக் கிட்டத்தில்கூட இல்லை. அந்தக் கணக்கெடுப்பிலேயே 57 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மும்பையில் வீடற்றவர்களாகப் பதிவாகியிருந்தார்கள்.

இப்போதைக்கு, புண் உள்ள இடத்தில் எடை விழாதபடி அமைந்த மருத்துவச் செருப்பு கிடைக்குமா என்று கட்டுப் போடும் இடத்தில் கேளுங்கள். சுமை தூக்குவதை அவர் நிறுத்தினால்தான் அது பலிக்கும். பூச்சந்தையில் உட்கார்ந்து கட்டுகிற வேலை மூன்று வாரத்துக்குக் கிடைக்குமா என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.


தாராவி 90 அடிச் சாலை

அக்கா, தாதரில் பூக்கட்டும் இடத்தில் என் சித்தி மகன் இருக்கிறான். உட்கார்ந்து உதிரிப்பூ பிரிக்கிற வேலைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தான்; கூலி கொஞ்சம் குறையும், ஆனால் கால் ஊன்ற வேண்டியதில்லை. பகலில் படுக்க, கடைக்குப் பின்னால் கோணி அடுக்கும் இடம் இருக்கிறது. முதலாளியிடம் கேட்டுவிட்டேன், சரி என்றிருக்கிறார். வியாழக்கிழமை கட்டு மாற்றப் போகும்போது நானும் வருகிறேன். மாலை 6 மணிக்குத் தெருமுனையில் நிற்பேன். பெரியவரிடம் முதலில் நான் பேசிப் பார்க்கிறேன். நானும் தெருவில் படுத்தவன் என்று தெரிந்தால் சம்மதிப்பார்.